பணம் போனது தெரியும், ஏன் போனது தெரியாது: நீதிமன்றத்தில் வங்கிப் பதிவேடுகள்

1891ஆம் ஆண்டின் வங்கியர் கணக்கேடுகள் சாட்சியச் சட்டத்தில் மூன்றாம் பிரிவை இன்று அநேகமாக யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. கம்பெனியாகப் பதிவு செய்யாமல் தனி ஆளோ கூட்டாளிகளோ நடத்தும் வங்கித் தொழிலுக்கும் இந்தச் சட்டத்தின் சலுகையை, அதாவது மூல ஏட்டுக்குப் பதில் சான்றிட்ட நகலையே நீதிமன்றத்தில் காட்டலாம் என்பதை, அரசு அறிவிக்கை போட்டு நீட்டிக்கலாம் என்கிறது அது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ரொக்கக் கணக்கு, தினசரிக் குறிப்பேடு, பேரேடு என்று குறைந்தது மூன்று புத்தகங்கள் அந்தக் கடையில் வழக்கமாக எழுதப்பட்டு வர வேண்டும்.

செட்டிநாட்டின் பழைய வட்டிக்கடைக் கணக்கைப் பார்த்தவர்களுக்கு இந்த நிபந்தனை புதிதாகத் தோன்றாது. இரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் கொண்டுவிற்க, அதாவது கடல் தாண்டி வட்டித்தொழில் செய்ய, போன நகரத்தார் கடைகளில் குறிப்பும் பேரேடும் எழுதாமல் பெட்டியை மூடிய நாள் கிடையாது. முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். கடையை நடத்தும் ஏஜெண்டு சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு மூன்று வருடக் கணக்குக்குக் கடல் தாண்டிப் போயிருப்பார். அவர் அனுப்பும் ஐந்தொகையை (இருப்புநிலைக் கணக்கை) நம்பித்தான் ஊரில் வீடு எழும்பியது, கல்யாணம் நடந்தது. ஆளை நேரில் பார்க்க முடியாத தூரத்தில் ஏடுதான் சாட்சி. நடந்த வரவு செலவு அன்றன்றைக்கே, வழக்கமான வரிசையில், பின்னால் வரப்போகும் தகராறு எதையும் நினைக்காமல் எழுதப்பட்டது என்பதே அந்த ஏட்டின் பலம்.

வங்கி ஏட்டைச் சட்டம் நம்புவதும் இதே காரணத்தால்தான். 1937 பிப்ரவரி 10 அன்று எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியாரின் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, இரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கதவு திறந்தது. அது கம்பெனி வங்கி என்பதால் அதன் ஏட்டுக்கு முதல் நாளிலிருந்தே 1891ஆம் ஆண்டுச் சட்டத்தின் சலுகை இருந்தது. தனியார் வட்டிக்கடையின் பேரேடு எவ்வளவு சுத்தமாக எழுதப்பட்டிருந்தாலும், அரசின் அறிவிக்கை இல்லையென்றால், மூலத்தைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றத்துக்கு வர வேண்டும். எழுதியவரையோ அந்தக் கையெழுத்தை அறிந்தவரையோ சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டும்.

இப்போது செட்டிநாட்டுக் குடும்பங்களின் பணம் பெரும்பாலும் வங்கியில்தான் இருக்கிறது. பங்காளிகளுக்குள் வீட்டுப் பாகம், அண்ணன் தம்பிக்குள் கைமாற்று, ஆச்சியின் பேரில் போட்ட வைப்புத்தொகை, லாக்கரில் வைத்த நகை என்று எந்தத் தகராறு நீதிமன்றம் போனாலும் 'பேங்க் ஸ்டேட்மென்டை வாங்கிப் போட்டால் எல்லாம் தெரிந்துவிடும்' என்று யாராவது ஒருவர் சொல்கிறார். ஸ்டேட்மென்டால் தெரிவது எவ்வளவு, அதை எப்படிக் கேட்டால் வரும், எப்போது கேட்காவிட்டால் வராது என்பதைத் தெரியாமலே பல வழக்குகள் தாக்கலாகின்றன. நியாயம் தன் பக்கம் இருந்தும் ஆவணம் கைக்கு வராததால் தோற்பவர்களை நினைத்தே இதை எழுதுகிறேன்.

நகலுக்கு வந்த மதிப்பு

சாட்சியச் சட்டத்தின் பொது விதி கண்டிப்பானது. ஆவணத்தை நிரூபிக்க வேண்டுமானால் மூலத்தைக் கொண்டு வர வேண்டும். வங்கிக்கு இது ஒத்துவராது. ஒருவருடைய வழக்குக்காகப் பேரேடு நீதிமன்றத்தில் கிடந்தால், அதே பேரேட்டில் கணக்கு வைத்திருக்கும் மற்றவர்களுக்கு வங்கி எதைப் பார்த்துப் பணம் கொடுக்கும்? இங்கிலாந்தில் இதற்காகவே 1876இலும் 1879இலும் தனிச் சட்டம் போட்டார்கள். இந்தியாவில் 1891இல் வந்தது.

சட்டத்தின் நான்காம் பிரிவுதான் அதன் உயிர். வங்கி ஏட்டில் உள்ள ஒரு பதிவின் சான்றிட்ட நகலை, அப்படி ஒரு பதிவு இருக்கிறது என்பதற்கு முதல்நிலைச் சாட்சியமாக நீதிமன்றம் ஏற்றுக்கொள்ளும். மூலப் பதிவு எந்த அளவுக்குச் சாட்சியமாகுமோ அந்த அளவுக்கு நகலும் ஆகும். அதற்கு மேல் ஆகாது என்றும் அதே பிரிவு சொல்லிவிடுகிறது. இந்தக் கடைசி வாசகத்தைப் படிக்காமல் விடுகிறவர்கள்தான் பின்னால் சிக்கிக்கொள்கிறார்கள்.

எந்த நகலும் சான்றிட்ட நகல் ஆகிவிடாது. அதன் அடியில் ஒரு சான்று எழுதப்பட வேண்டும். இது அந்தப் பதிவின் உண்மையான நகல், அந்தப் பதிவு வங்கியின் வழக்கமான ஏடுகளில் ஒன்றில் இருக்கிறது, வழக்கமான தொழில் நடைமுறையில் எழுதப்பட்டது, அந்த ஏடு இன்னும் வங்கியின் வசத்தில் இருக்கிறது என்று அதில் இருக்க வேண்டும். தலைமைக் கணக்கரோ மேலாளரோ தேதி போட்டு, பெயரும் பதவியும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். கவுண்டரில் பிரிண்ட் எடுத்து ரப்பர் முத்திரை குத்திக் கொடுக்கும் தாளில் இந்த வாசகங்கள் இருக்காது. மகன் படிப்புக்குக் கடன் வாங்க அந்தத் தாள் போதும். எதிர்த்தரப்பு வக்கீல் ஆட்சேபம் சொல்லும் இடத்தில் அது நிற்காது.

பிரிண்ட்அவுட் என்றால் இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்தபோது, 1891ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2ஏ என்ற பிரிவைப் புதிதாகச் சேர்த்தார்கள். அதன்படி மேலாளரின் சான்று தனி. கணினி அமைப்புக்குப் பொறுப்பானவர் தரும் சான்று தனி. அனுமதி பெற்றவர்கள் மட்டும் பதிவேற்ற என்ன காப்பு, பதிவை யாரும் திருத்தாமல் இருக்க என்ன காப்பு, கோளாறில் அழிந்த தரவை மீட்க என்ன வழி, தரவுச் சேமிப்புக் கருவிகள் யார் பொறுப்பில் இருக்கின்றன என்றெல்லாம் அந்த இரண்டாவது சான்று விவரிக்க வேண்டும். அந்த நேரத்தில் கணினி சரியாக இயங்கியது என்று அதே ஆள் மேலும் ஒரு சான்று தர வேண்டும். கிளை காரைக்குடியில் இருக்கும், சர்வர் எங்கோ ஒரு பெருநகரத்தில் இருக்கும். அதனால் இந்தச் சான்றுகளைக் குறிப்பிட்டு எழுத்தில் கேட்க வேண்டும். கேட்காமல் எந்தக் கிளையும் தானாகத் தருவதில்லை.

2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதினியம் நடைமுறையில் இருக்கிறது. அதன் 63ஆம் பிரிவு மின்னணு ஆவணத்துக்கு இரு பகுதிச் சான்று கேட்கிறது. கருவிக்குப் பொறுப்பானவர் ஒரு பகுதியிலும் நிபுணர் ஒருவர் மறு பகுதியிலும் கையெழுத்திட வேண்டும், கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹேஷ் எண்ணும் எழுத வேண்டும். வங்கி ஏட்டுக்கு 2ஏ மட்டும் போதுமா, 63உம் வேண்டுமா என்று வழக்கின் நடுவே வாதாடி நாள் கடத்துவதைவிட இரண்டையும் சேர்த்தே வாங்கிவிடுவது நல்லது. மின்னணுச் சான்று கட்டாயம் என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு உறுதியாகச் சொன்னது. கூடவே ஓர் ஆறுதலும் தந்தது: தர வேண்டியவர் சான்று தர மறுத்தால், நீதிமன்றத்தில் மனுப்போட்டு அவரைத் தரச் செய்யலாம்.

ஏடு பேசாத இடம்

ஒரு வழக்கைக் கற்பனை செய்துகொள்வோம். கோலாலம்பூரில் இருக்கும் அண்ணன், ஆத்தங்குடியில் இருக்கும் தம்பியின் கணக்குக்கு 12 லட்சம் ரூபாய் அனுப்புகிறார். இரண்டு வருடம் கழித்துக் கடனைத் திருப்பிக் கொடு என்று பிராது போடுகிறார். 'கடனே இல்லை. பொது வீட்டின் முகப்பும் இரண்டாம் கட்டும் ஒழுகின. அவர் பாகத்துச் செலவை அனுப்பினார்' என்கிறார் தம்பி. அண்ணன் தரப்பு வங்கியிலிருந்து சான்றிட்ட நகல் வாங்கிப் போடுகிறது. தேதி சரி, தொகை சரி, இரண்டு பெயரும் சரி. தம்பியும் பணம் வந்ததை மறுக்கவில்லை.

அந்த நகலால் அண்ணனுக்கு இதற்கு மேல் ஒரு காலடிகூட நகர முடியாது. வந்த பணம் கடனா, பாகச் செலவா, அன்பளிப்பா என்று ஏடு சொல்லாது. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 34ஆம் பிரிவு இதைத் தெளிவாக வைத்திருந்தது. புதிய சட்டத்தில் அது 28ஆம் பிரிவு. ஒழுங்காக எழுதப்பட்டு வரும் கணக்கேட்டின் பதிவுகள் வழக்குக்குத் தொடர்புடையவை, ஆனால் அவை மட்டுமே ஒருவர் மேல் பொறுப்பைச் சுமத்தப் போதா. சட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1,000 ரூபாய் கேட்டு ஒருவர் வழக்குப் போடுகிறார், எதிராளி பாக்கி வைத்திருப்பதாகத் தன் கணக்குப் புத்தகத்தைக் காட்டுகிறார். பதிவைப் பார்க்கலாம், வேறு சாட்சியம் இல்லாமல் அது கடனை நிரூபிக்காது.

இந்த விதி வங்கியையும் விட்டுவைக்கவில்லை. 1966இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த கௌஹாத்தி வங்கி வழக்கில் வங்கியே வாதி. தன் ஏட்டின் சான்றிட்ட நகலைப் போட்டு, இவ்வளவு பாக்கி என்றது. எதிர்த்தரப்பு அந்தப் பதிவை ஒப்புக்கொள்ளவில்லை. அப்படியானால் பதிவுக்கு ஆதாரமான வேறு சாட்சியத்தை வங்கி தந்தாக வேண்டும், ஏட்டு நகல் மட்டும் போதாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. வங்கிக்கே இந்த நிலை என்றால் தனி ஆளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஜெயின் ஹவாலா டைரி வழக்கில் 1998இல் வந்த தீர்ப்பு இன்னொரு எல்லையை வரைந்தது. சுருள் நோட்டை ஏடு என்று ஏற்ற நீதிமன்றம், தனித்தனித் தாள்களை ஏடாக ஏற்க மறுத்தது. பக்கங்கள் ஒன்றோடொன்று கட்டுப்பட்டு, இஷ்டத்துக்கு உருவவும் சேர்க்கவும் முடியாதபடி இருந்தால்தான் அது ஏடு. வீட்டில் பெட்டகத்துக்குள் தாத்தா காலத்துப் பேரேடும் இருக்கும், துண்டுச் சீட்டுக் கட்டும் இருக்கும். இரண்டையும் ஒரே பையில் போட்டு வக்கீலிடம் கொண்டு போகிறவர்கள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அண்ணன் தம்பி வழக்குக்குத் திரும்புவோம். 'ஏன்' என்ற கேள்விக்கான விடை ஸ்டேட்மென்டில் இல்லாவிட்டாலும் வங்கியின் வேறு காகிதத்தில் அதன் நிழல் விழுந்திருக்கலாம். வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கு நோக்கக் குறியீடு என்று ஒன்று உண்டு. வெளிநாடு வாழ் இந்தியர் குடும்பப் பராமரிப்புக்கும் சேமிப்புக்கும் அனுப்பினால் பி1301. அண்ணன் அனுப்பிய பணம் அந்தக் குறியீட்டில் வந்து இறங்கியிருந்தால், கடன் என்ற கட்சிக்கு அது ஓர் இடறல். பலர் யோசிக்காமலே இந்தக் குறியீட்டைப் போட்டுவிடுகிறார்கள் என்பதால் இதுவும் முடிந்த முடிவாகாது. ஆனால் குறுக்கு விசாரணையில் கேட்பதற்கு ஒரு கேள்வி கிடைத்துவிடும். ஸ்டேட்மென்டோடு நிறுத்தாமல் பணம் வந்த விவரத்தாளையும் கேட்டு வாங்கச் சொல்வது இதற்காகத்தான். அதோடு ஆசாரியின் ரசீது, இருவருக்கும் நடந்த வாட்ஸ்அப் பேச்சு, செலவைப் பக்கத்தில் இருந்து பார்த்த பெரியவர்களின் சாட்சியம் எல்லாம் சேர்ந்தால்தான் 'ஏன்' நிரூபணமாகும்.

காசோலை வழக்கில் நிலைமை வேறு. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 146ஆம் பிரிவுப்படி, வங்கி முத்திரையோடு வரும் ரிட்டர்ன் மெமோவைக் காட்டினாலே காசோலை திரும்பியது என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். வங்கி அதிகாரி வந்து சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அங்கேயும் கணக்கேடு வேறொரு வாசல் வழியாக உள்ளே வருகிறது. இவ்வளவு பெரிய தொகையைக் கைமாற்றாகக் கொடுக்க வாதிக்கு வசதி இருந்ததா என்று எதிரி கேட்டால், வாதியின் வங்கிக் கணக்கே அவருக்கு எதிராகப் பேசலாம். கடன் கொடுக்கும் வசதி குறித்து நியாயமான ஐயம் எழுந்தால் அதை விளக்கும் பொறுப்பு புகார் கொடுத்தவருக்கு வருகிறது என்பதை 2019இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது.

யார் கேட்டால் வங்கி கொடுக்கும்

கணக்கு உங்களுடையது என்றால் நீங்களே கேட்கலாம். கூட்டுக் கணக்கில் உங்கள் பெயரும் இருந்தாலும் அப்படியே. சிக்கல் அடுத்தவர் கணக்கில்தான்.

வங்கி வாடிக்கையாளரின் ரகசியத்தைக் காக்கக் கடமைப்பட்டது என்பது 1924இல் இங்கிலாந்து நீதிமன்றம் உறுதிப்படுத்திய கொள்கை. இந்திய நீதிமன்றங்களும் அதையே பின்பற்றுகின்றன. சட்டம் கட்டாயப்படுத்தினால், பொதுநலக் கடமை எழுந்தால், வங்கியின் சொந்த நலனுக்குத் தேவைப்பட்டால், வாடிக்கையாளரே சம்மதித்தால் என்ற நான்கு சூழ்நிலைகளில் மட்டும் வாய் திறக்கலாம். தேசியமயமான வங்கிகளுக்கு 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இதை எழுதப்பட்ட கடமையாகவே ஆக்கிவிட்டது.

2004இல் வந்த கனரா வங்கி வழக்குத் தீர்ப்பை ஒவ்வொரு வாடிக்கையாளரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆந்திரத்தில் முத்திரைத்தாள் சட்டத்தைத் திருத்தி, கலெக்டர் அனுப்பும் எந்த ஆளும் வங்கிக்குள் போய் வாடிக்கையாளரின் ஆவணங்களைப் பார்க்கலாம், எடுத்துச் செல்லலாம் என்று வைத்திருந்தார்கள். உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது. வங்கியிடம் ஆவணத்தைக் கொடுத்துவிட்டால் அதன்மேல் அந்தரங்க உரிமை போய்விடும் என்று 1976இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எடுத்த நிலையை நம் நீதிபதிகள் ஏற்கவில்லை. அந்தரங்கம் ஆளைச் சார்ந்தது, இடத்தைச் சார்ந்ததல்ல என்றார்கள். 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்தபோது இந்தத் தீர்ப்புக்கு இன்னும் பலம் கூடியது.

அதனால் சித்தப்பாவின் கணக்கு விவரத்தைத் தெரிந்த மேனேஜரிடம் கேட்டு வாங்கிவிடலாம் என்ற எண்ணமே தவறு. கொடுத்தால் அவர் வேலைக்கு ஆபத்து, அந்தத் தாளை வைத்து நீங்கள் நடத்தும் வழக்குக்கும் கறை. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டாலும் மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல் என்று மறுத்துவிடுவார்கள்.

வழி நீதிமன்றம்தான். 1891ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஐந்தாம், ஆறாம் பிரிவுகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். வங்கி தரப்பாக இல்லாத வழக்கில், நகலால் நிரூபிக்கக்கூடிய ஏட்டைக் கொண்டு வரும்படியோ அதைச் சொல்ல வந்து சாட்சிக் கூண்டில் ஏறும்படியோ வங்கி அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது. தனிக் காரணம் காட்டி நீதிபதி ஆணையிட்டால்தான் முடியும். ஆனால் ஏட்டைப் பார்வையிடவும் நகல் எடுக்கவும் எந்தத் தரப்பும் மனுப்போடலாம். ஆணை வந்தால், விடுமுறை நீங்கலாக முழுதாக மூன்று நாள் முன்னதாக அதை வங்கியிடம் சேர்ப்பிக்க வேண்டும். வங்கி ஆட்சேபம் சொல்லலாம். ஏட்டையே கொண்டு வருகிறேன் என்றும் சொல்லலாம். வங்கியின் தவறாலோ வேண்டாத தாமதத்தாலோ செலவு ஏற்பட்டால் அதை வங்கி தலையிலேயே கட்ட ஏழாம் பிரிவு இடம் தருகிறது. இந்த ஏழாம் பிரிவை நம்மூர் மனுக்களில் நான் போதிய அளவு பார்த்ததில்லை. வாய்தா மேல் வாய்தாவாக வங்கி பதில் தராத வழக்குகளில் இதைக் கட்டாயம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

மனு எழுதும்போது குறிப்பாக எழுத வேண்டும். 'பிரதிவாதியின் அனைத்துக் கணக்குகளும்' என்று வலை வீசினால் அடுத்தவர் அந்தரங்கத்தில் துழாவுகிறார் என்று நீதிமன்றம் தள்ளிவிட வாய்ப்பு அதிகம். எந்தக் கிளை, எந்தக் கணக்கு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, வழக்கில் எந்த விஷயத்தை நிரூபிக்க இது தேவை என்று நான்கு வரியில் சொல்லிவிட்டால் ஆணை கிடைப்பது எளிது. ஜீவனாம்ச வழக்குகளில் மட்டும் நிலைமை மாறியிருக்கிறது. கணவன், மனைவி இருவருமே சொத்து, கடன், வங்கிக் கணக்கு விவரங்களைப் பிரமாண வாக்குமூலமாகத் தர வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதுக்கும் நெறிமுறை வகுத்தது. கணவனின் சம்பளக் கணக்கு எந்த வங்கியில் இருக்கிறது என்றே தெரியாத பெண்கள் இனி அதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

போலீஸ் விசாரணை என்றால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவில் ஆவணம் கேட்கும் அதிகாரம் இருக்கிறது. 1891ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பாதிக்காமல் என்று அதிலேயே எழுதியும் இருக்கிறது. அந்தப் பழைய சட்டத்தின் எட்டாம் பிரிவுப்படி, விசாரணைக் கட்டத்தில் நீதிபதியின் ஆணைக்குப் பதிலாக, அரசு குறிப்பிடும், எஸ்.பி. பதவிக்குக் குறையாத அதிகாரியின் ஆணை போதும்.

லாக்கர்

செட்டிநாட்டில் லாக்கருக்குத் தனி இடம் உண்டு. கழுத்திரு போன்ற குடும்ப நகைகள் வருடத்தில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கின்றன. ஆச்சி கண்ணை மூடிய பிறகு லாக்கரை யார் எப்போது திறந்தார்கள் என்பதில் தொடங்கும் சண்டை சிவகங்கை நீதிமன்றம் வரைக்கும், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரைக்கும் போகக்கூடியது.

லாக்கர் பதிவேட்டில் திறந்தவர் பெயர், தேதி, நேரம், கையெழுத்து இருக்கும். வங்கியின் வழக்கமான ஏடுதான் அதுவும். அதன் நகலையும் கேட்கலாம். ஆனால் உள்ளே என்ன இருந்தது என்று வங்கிக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அதற்கு உரிமையும் இல்லை. 'அன்று மூன்றே கால் மணிக்குத் திறந்தார்' என்பது வரைதான் ஏடு சொல்லும். எத்தனை சவரன், யாருடைய சீர், எது கழுத்திரு என்பதற்குக் கல்யாணத்தில் எழுதிய சீர் சாமான் பட்டியல், புகைப்படங்கள், நகைக்கடை ரசீது, பார்த்தவர் வாய்மொழி இவைதான் துணை. நகைகளைப் பட்டியல் போட்டு வைக்கும் நம் வழக்கத்தைப் பெரியவர்கள் காலத்தோடு விட்டுவிடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். நீதிமன்றத்தில் அந்தப் பட்டியலுக்கு மதிப்பு இருக்கிறது.

லாக்கர் தகராறில் காலக்கெடு மிகக் குறுகியது. ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, பாதுகாப்பறைக்குள் போகும் வரும் வழியின் சிசிடிவி பதிவைக் குறைந்தது 180 நாள் வைத்திருக்க வேண்டும். தன் அறிவு இல்லாமல் லாக்கர் திறக்கப்பட்டது என்று வாடிக்கையாளர் புகார் கொடுத்துவிட்டால், போலீஸ் விசாரணை முடிந்து தகராறு தீரும் வரை அந்தப் பதிவை வங்கி பாதுகாக்க வேண்டும். ஆறு மாதம் என்பது துக்கம் விசாரித்து, படையல் முடிந்து, பங்காளிகள் கூடிப் பேசி முடிவதற்குள் ஓடிவிடும். சந்தேகம் எழுந்த அன்றே புகாரை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். பேச்சுவார்த்தை அது பாட்டுக்கு நடக்கட்டும்.

மூலக் காசோலை எங்கே இருக்கிறது

கையெழுத்து என்னுடையதல்ல என்று ஒருவர் சொல்லிவிட்டால் சான்றிட்ட நகலின் வேலை முடிந்தது. கையெழுத்து நிபுணருக்கு மூலம் வேண்டும். பேனாவின் அழுத்தமும் மை ஓட்டமும் ஸ்கேன் செய்த படத்தில் தெரியாது. அப்போது கட்சிக்காரர்கள் நேராகக் காசோலை கொடுத்தவரின் வங்கிக் கிளைக்குச் சம்மன் வாங்குகிறார்கள். அங்கே பெரும்பாலும் இருப்பது படம்தான்.

காரணம் சிடிஎஸ் முறை. சென்னையில் 2011 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த இந்த முறையில் காசோலையின் படம் மட்டும் பயணம் போகிறது. தாள், எந்த வங்கியில் போடப்பட்டதோ அந்த வங்கியிலேயே தங்கிவிடுகிறது. காரைக்குடிக் கிளையின் காசோலையை ஒருவர் கோயம்புத்தூரில் வேறு வங்கியில் போட்டிருந்தால், மூலம் இருப்பது அந்தக் கோயம்புத்தூர் வங்கியின் பொறுப்பில். அதை 10 ஆண்டு பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது விதி. சம்மன் போக வேண்டியது அங்கே. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 16ஆம் ஆணை, ஆறாம் விதியில், சாட்சி சொல்ல வராமல் ஆவணத்தை மட்டும் சமர்ப்பிக்கும்படி சம்மன் அனுப்ப வழி இருக்கிறது. அதிகாரி நேரில் வர வேண்டியதில்லை, ஆவணத்தைக் கொடுத்தனுப்பினால் போதும் என்பதால் வங்கிகளும் இதற்கு எளிதாக இணங்குகின்றன. ஒப்பிடுவதற்கு மாதிரிக் கையெழுத்து அட்டை வேண்டுமே, அதைக் கணக்கு இருக்கும் கிளையிடம் தனியாகக் கேட்க வேண்டும். ஒரே மனுவில் இரண்டு வங்கிக்கும் கேட்டுவிட்டால் ஒரு வருடம் மிச்சம்.

எட்டு ஆண்டு

பாகப்பிரிவினை வழக்குகளை நினைத்தால் எனக்கு உண்மையாகவே கவலை வருகிறது. வாரிசுகள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருப்பார்கள். வக்காலத்து வந்து சேரவே மாதங்கள் போகும். வழக்கு ஒரு தலைமுறை ஓடும். வங்கி அவ்வளவு நாள் காத்திருக்காது. 1985ஆம் ஆண்டின் பதிவேடு பாதுகாப்பு விதிகள் வங்கி ஆவணங்களை இரண்டு வகையாகப் பிரிக்கின்றன. ஒரு வகையைக் குறைந்தது 5 ஆண்டும், மறு வகையைக் குறைந்தது 8 ஆண்டும் வைத்திருக்க வேண்டும். பேரேடுகள், பணம் கொடுத்த காசோலைகள், வவுச்சர்கள் எல்லாம் எட்டு ஆண்டு வகை. கறுப்புப் பணத் தடுப்பு விதிகளின்படியும் பரிவர்த்தனைப் பதிவுகளுக்குக் கெடு 5 ஆண்டுதான். எட்டு ஆண்டுக்குப் பிறகு வவுச்சரை அழித்துவிட்டோம் என்று வங்கி சொன்னால் அது சட்டத்துக்கு உட்பட்ட பதில். கணினியில் வரவு பற்று எண்கள் இருக்கலாம்; யார் கையெழுத்துப் போட்டு எடுத்தார்கள் என்ற சீட்டு இருக்காது.

நாமினி விஷயத்தில் இது அடிக்கடி இடிக்கிறது. நாமினி பணத்தை வங்கியிடமிருந்து வாங்கிக்கொள்ள உரியவர், அதற்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை என்று 2010இல் வங்கி வைப்புத்தொகை வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மற்ற வாரிசுகள் தங்கள் பாகத்தை அவரிடம் கேட்கலாம். ஆனால் அப்பச்சி இறந்து பத்து ஆண்டு கழித்து, நாமினியாக இருந்த மூத்தவர் எந்தத் தேதியில் எந்த விண்ணப்பத்தில் என்ன எழுதிக் கொடுத்துப் பணத்தை வாங்கினார் என்று கேட்டால், உரிமை இருந்தும் தாள் கிடைக்காது. வழக்குப் போடும்போதே, முதல் வாய்தாவிலேயே, ஆவணங்களை அழிக்காமல் பாதுகாக்கும்படி வங்கிக்கு ஆணை கேட்டு மனுப்போட்டுவிட வேண்டும். வழக்குக்கு முன்னால் என்றால், இன்ன கணக்கு குறித்துத் தகராறு இருக்கிறது, ஆவணங்களைப் பாதுகாக்கவும் என்று கிளைக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். விவரம் தர வங்கி மறுக்கலாம். ஆனால் அந்தக் கடிதம் கிடைத்த பிறகு ஆவணத்தை அழித்தால் அதற்கு நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவர்களுக்கே தெரியும்.

எட்டு ஆண்டு விதிக்கு ஒரு விலக்கு இருக்கிறது. வெளிநாட்டில் குடியேறிய குடும்பங்கள் நிறைந்த செட்டிநாட்டுக்கு அது முக்கியமானது. பத்து ஆண்டு தொடப்படாமல் கிடக்கும் வைப்புத்தொகை, 2014ஆம் ஆண்டின் திட்டப்படி, ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி விழிப்புணர்வு நிதிக்குப் போய்விடுகிறது. பணம் போனாலும் உரிமை போவதில்லை. வாரிசுகள் வங்கி மூலமாகவே கேட்டுப் பெறலாம். பல வங்கிகளில் இப்படிக் கிடக்கும் கணக்குகளைப் பெயரைப் போட்டுத் தேட 2023இல் உத்கம் என்ற இணையதளத்தை ரிசர்வ் வங்கி திறந்தது. இப்படி நிதிக்கு மாற்றப்பட்ட கணக்குகளின் ஆவணங்களை, 1985ஆம் ஆண்டு விதிகள் என்ன சொன்னாலும், வங்கி நிரந்தரமாக வைத்திருக்க வேண்டும். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் கொடுத்த நாளிலிருந்து குறைந்தது 5 ஆண்டு. தாத்தாவோ ஆயாவோ எழுபதுகளில் போட்ட ஒரு வைப்புத்தொகை இன்றைக்கும் தீராமல் நின்றால், உங்கள் பெயரில் போன வருடம் முடிந்த கணக்கைவிட அதன் காகிதம் வங்கியில் அதிக நாள் இருக்கும்; சான்றிட்ட நகல் கேட்டு மனுப்போடலாம்.